புகை மட்டும் வருகிறது

செப்டம்பர் 5, திங்கள்

கோயம்புத்தூர் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். நான்கு சின்னக் குப்பிகள் கொடுத்திருக்கிறார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து பார்த்து, மணம் உண்டா இல்லையா என்று குறிக்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் என் மூக்கை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டேன். "வந்தா வரும்மா" என்றார்.

ஜூலையில் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. போகிறபோது மணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது என்றால் சமாளித்துக்கொள்வார்கள். நான் குன்னூரில் தேயிலை டேஸ்டர். ஏலத்துக்குப் போகிற தூளை எங்கள் கம்பெனியில் வரிசையாகக் கோப்பையில் ஊறவைத்து, நான் உறிஞ்சித் துப்பி, இது தேறும் இது தேறாது என்று எழுதினால்தான் கேட்டலாக்கில் ஏறும். இருபத்தாறு வருஷம். "சுகிர்தா மேடம் மூக்கு" என்று பாக்டரிகளில் ஒரு பேச்சே உண்டு. அந்த மூக்குக்காக நான் தலையில் மல்லிகை வைத்ததில்லை, முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை, வேலை நாளில் பூண்டு தொட்டதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, ஆனால் அதற்கு மூக்கைக் குறை சொல்ல முடியாது.

ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதோடு நான் யாருமில்லை.

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. தைலம்: இல்லை.

செப்டம்பர் 6

நான்கும் இல்லை. காஸ் சிலிண்டர் வந்தது. மூடியை இருமுறை சரிபார்த்தேன்.

செப்டம்பர் 8

இன்று நாற்பத்திரண்டு கோப்பை. நாக்கு வேலை செய்கிறது. துவர்ப்பு தெரிகிறது, கசப்பு தெரிகிறது, வாயில் நிற்கிற கனம் தெரிகிறது. நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். மிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற பாலகோபால் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது இளையவர், ஆனால் இப்போது எங்கள் பிரிவுக்கு மேனேஜர். ஒரு கோப்பையில் அவர் கொஞ்சம் கூடுதலாக நின்றால் நானும் நிற்பேன். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதுதானே முறை.

செப்டம்பர் 11, ஞாயிறு

கீஸர் கெட்டுவிட்டது. பக்கத்துப் போர்ஷன் மச்சாது சார் வந்து பார்த்தார். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் சீப் என்ஜினியராக இருந்து ரிட்டயராகி, மனைவி போன பிறகு கடலே வேண்டாம் என்று மலைக்கு வந்துவிட்டவர். ஒரே தகரக் கூரையை இரண்டு வருஷமாகப் பங்கு போட்டிருக்கிறோம். வணக்கம், மழை, தண்ணீர் லாரி, இதைத் தாண்டிப் பேசியதில்லை.

கீஸரைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜையில் இருந்த குப்பிகளைப் பார்த்தார்.

"இது என்ன மேடம், ஹோமியோபதியா?"

"மூக்குக்கு டியூஷன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கூடப் பிறந்தவளிடமே சொல்லவில்லை. இவரிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் ஐயோ பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை. "என்ஜின் ரூம்ல எங்களுக்கும் மூக்குதான் மேடம் மீட்டரு. பேரிங் சூடாவுதுன்னா கேஜ் காட்டுததுக்கு முந்தி மூக்கு சொல்லிரும். உங்க டாக்டர் குடுத்தது எல்லாம் சாதுவான வாசம். தூங்குதவன எழுப்பணும்னா தாலாட்டா பாடுவாவ?" என்றார். பிறகு, "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நீங்க தப்பா நெனைக்கலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டாரேன்" என்றார்.

கீஸர் இப்போது வேலை செய்கிறது.

செப்டம்பர் 18, ஞாயிறு

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டிய பக்கத்தை வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணி இருக்கும். வெளியே பனி இறங்கி எதிர்வீட்டுச் சுவர் காணாமல் போயிருந்தது. மச்சாது சார் ஒரு பச்சை பாட்டிலோடு வந்தார். விஸ்கி. எங்கள் அப்பா இருந்திருந்தால் அவரையும் பாட்டிலையும் சேர்த்தே கேட்டுக்கு வெளியே விட்டிருப்பார்.

ஸ்காட்லாந்தில் ஐலா என்று ஒரு தீவு. கப்பல் பழுதாகிக் கிளாஸ்கோவில் ஒன்றரை மாதம் கிடந்தபோது, கூட வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் இவரைத் தன் ஊருக்கு அழைத்துப் போனாராம். அங்கே மரம் குறைவு. புல்லும் பாசியும் பல ஆயிரம் வருஷம் சதுப்பில் கிடந்து மக்கிக் கறுத்த மண்ணாகியிருக்கிறது. அதற்குப் பீட் என்று பெயர். அதைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில்தான் உலர்த்துவார்களாம்.

"புகையிலா? புகை பார்லியில் ஏறிவிடாதா?" என்று கேட்டேன்.

"ஏறணும்னுதான மேடம் போடுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பாக்டரிகளில் தூளை உலர்த்துகிற காற்றை விறகு அடுப்பில்தான் சூடாக்குவார்கள். ஆனால் காற்று தனி, புகை தனி. நடுவில் இரும்புக் குழாய் இருக்கும். அதில் நூலளவு விரிசல் விட்டாலும் புகை தூளில் இறங்கிவிடும். அந்தத் தூளை நான் ஒரே மோப்பில் பிடித்து, "புகை" என்று ஒரு வார்த்தை எழுதி வெளியே அனுப்புவேன். இருபத்தாறு வருஷமாக நான் துரத்திக்கொண்டிருந்த குற்றத்தை ஒரு தீவு முழுக்கச் சேர்ந்து வேண்டும் என்றே செய்து பாட்டிலில் அடைத்து விற்கிறது.

இரண்டு கிளாஸில் ஊற்றினார். நான் பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நிறம் பார்த்தேன். பிறகு சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்க அலசி, எழுந்து போய் சிங்க்கில் துப்பினேன்.

மச்சாது சார் சிங்க்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பது வருசத்துல இதத் துப்புன ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றார். கப்பல் மூழ்கியிருந்தால்கூட அந்த முகம் அவ்வளவு வாடியிருக்காது.

இரண்டாவது முறை விழுங்கினேன். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து மூச்சை விட்டேன். அந்த மூச்சில் வந்தது.

புகை.

மிக மெல்லியது. அடுத்த அறையில் யாரோ தீக்குச்சி அணைத்த மாதிரி. உட்கார்ந்திருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடுமோ என்று பயம். பத்து வாரமாக உலகத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நல்ல மனிதர்கள் செய்கிற காரியம்.

மாலையில் குளிர் ஏறிவிட்டது. அவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துவந்து கொடுத்தார். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம்: இல்லை. விஸ்கி: புகை மட்டும்.

செப்டம்பர் 19

ஸ்வெட்டர் வெதுவெதுப்பாக இருந்ததால் ஆபீசுக்கும் போட்டுக்கொண்டு போனேன். டேஸ்டிங் ரூமில் பாலகோபால் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தார். இந்தக் குளிரில் எதற்கு என்றேன். "சும்மா மேடம், காத்து வரட்டும்" என்றார். மேனேஜர் ஆனால் இப்படித்தான் ஏதாவது செய்யத் தோன்றும்போல.

செப்டம்பர் 25, ஞாயிறு

இன்று இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்கக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் விட்டால் அடங்கும் என்று நினைத்தேன். மாறாக அது விரிகிறது. புகை முன்னைவிட அருகில் வந்து, மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

புகைக்குப் பின்னால் இன்னும் பல இருக்கிறது என்கிறார் மச்சாது சார். பேரிக்காய், கொஞ்சம் தேன், ஈரக் கயிறு, கடல்பாசி, ஆஸ்பத்திரி டிங்ச்சர். எனக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் கண்ணுக்கு வருகிறது. சாம்பல் நிறக் கடல், வெள்ளைச் சுவர் போட்ட ஒரு நீளக் கட்டடம், மழையில் குவித்துவைத்த கறுப்பு மண்கட்டிகள். நான் அந்த ஊருக்குப் போனதில்லை, போகவும் மாட்டேன். ஆனாலும் ஒன்றரை மணி நேரம் அங்கேதான் இருந்தேன். கீழே மலை ரயில் கூவிய பிறகுதான் குன்னூருக்குத் திரும்பினேன்.

"ஊட்டிக்கு அங்கிட்டு, அவலாஞ்சி பக்கம் சதுப்புல இதே மாதிரி கறுத்த மண்ணு கெடக்குன்னு சொல்லுதாவ" என்றார். "ஒரு நாள் போய்ப் பாப்பமா?"

பார்க்கலாம் என்றேன். நீல நூல்கண்டு வாங்க வேண்டும். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தினமும் ஆபீசுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 2, ஞாயிறு

காந்தி ஜெயந்தி. இன்றைக்கு பாட்டிலைத் தொடமாட்டேன் என்று மச்சாது சார் சொல்லிவிட்டார். "கடைக்குத்தான் லீவு, உங்க அலமாரிக்குமா?" என்றேன். சிரித்தார், ஆனால் தொடவில்லை. காலிக் கிளாஸை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். போன வாரத்துக் கிளாஸ், கழுவாதது. அதிலும் புகை வந்தது. இன்னும் சொல்லப்போனால் நன்றாகவே வந்தது.

அக்டோபர் 6

காலையில் எழுந்தபோதே புகை லேசாக வந்தது. யாரோ சருகு எரிக்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குளிக்கும்போது பாடினேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது அடுத்த போர்ஷனில் மச்சாது சார் ரேடியோவை அணைத்துவிட்டிருந்தார்.

அக்டோபர் 9, ஞாயிறு

புது பாட்டில். முன்னதைவிட முரடு என்றார். முரடுதான். முதல் வாய் தார் ரோடு போடுகிற இடத்தில் நிற்கிற மாதிரி, மூன்றாவது வாய் அந்த ரோட்டில் தனியாக நடந்துபோகிற மாதிரி. அவர் மனைவியைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். பெயர் பிலோமினா. அவருக்கு இந்த வாசனையே ஆகாதாம், குடித்துவிட்டு வந்தால் மாடியில் படுக்கச் சொல்லிவிடுவாராம். சொல்லிவிட்டு, "இத ரசிச்சுக் குடிக்கதுக்கு ஒரு துணை கெடைக்கும்னு நான் நெனைக்கல" என்றார். விஸ்கியைத்தான் சொன்னார்.

அக்டோபர் 11, செவ்வாய்

இன்று என்னுடைய நாள்.

ஐம்பத்தெட்டு கோப்பை. முப்பத்தோராவது கோப்பையில் குனிந்தபோது வந்தது. புகை. சந்தேகமே இல்லை. மறுபடி குனிந்தேன், மறுபடியும் புகை. போஜன் பாக்டரி ஏலத்துக்கு அனுப்பிய தூள், ஒரு முழு லாட். கோத்தகிரி ரோட்டில் சின்ன பாக்டரி, போஜன் படுகர், சொந்தப் பொறுப்பில் நடத்துகிறார். நல்ல தூள் போடுகிறவர், இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. அதற்காக விட முடியுமா?

பாலகோபால் அதைக் குடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம்" என்றார்.

"இன்னொரு வாய் குடியுங்கள்" என்றேன்.

குடித்தார். என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிதான்" என்றார். நானே என் கையால் "புகை" என்று எழுதினேன். இந்த வார ஏலத்திலிருந்து அந்த லாட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், என் மூக்கை வைத்து நானே எழுதிய தீர்ப்பு. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அக்டோபர் 14, வெள்ளி

போஜன் ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, அவர் அப்படிப்பட்டவரில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குழாய் எல்லாம் ஆகஸ்ட்லதான் மாத்துனேன் மேடம். ரெண்டு நாள் பாக்டரிய நிறுத்தி, ஹீட்டரப் பிரிச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தாச்சு. விரிசல் கண்ணுக்குத் தெரியல. ஆனா நீங்க சொன்னா இருக்கும். பயர்மேன் சின்னராஜ வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஈர வெறகு போட்டுருப்பான். இருபது வருசமா இருக்கான், என்ன செய்யிறது" என்றார்.

பயர்மேன் என்றால் ஹீட்டர் அடுப்புக்கு விறகு போடுகிறவர். இருபது வருஷம்.

நன்றாகப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 15, சனி

அரை நாள் வேலை. கோப்பைக்கும் கோப்பைக்கும் நடுவில் வெந்நீரில் வாய் கொப்பளிப்பது எங்கள் வழக்கம். இன்று வெந்நீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனேன்.

வெந்நீரில் புகை வந்தது.

டம்ளரைக் கழுவி வேறு நீர் பிடித்தேன். புகை. பச்சைத் தண்ணீர் பிடித்தேன். புகை. கையை மூக்கருகே கொண்டுபோனேன், கைக்குட்டையை, கேட்டலாக் காகிதத்தை, ஜன்னல் வழியாக வந்த காற்றை. எல்லாம் புகை.

தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காய்கறி வாங்கவில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "நரம்பு முழிச்சுக்கும்போது இல்லாத வாசனையக் காட்டும்மா. நெறையப் பேருக்குப் புகைதான் வரும். பயப்படாதீங்க, ஒரு வகையில நல்ல அறிகுறிதான்" என்றார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஆறாம் தேதி சருகு எரித்தவர் யார்?

அக்டோபர் 16, ஞாயிறு

மச்சாது சாரிடம் பாட்டில் வேண்டாம் என்றேன். வேறொன்று கேட்டேன். ஐந்து கிளாஸ். நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன், அவர் எதில் வேண்டுமானாலும் ஒரு சொட்டு விஸ்கி விடலாம், மற்றதெல்லாம் தண்ணீர். கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றாக நீட்டினார். முதலாவதில் புகை. இரண்டாவதில் புகை. ஐந்திலும் புகை.

அவர் ஐந்து கிளாஸையும் சிங்க்கில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"எதில் இருந்தது?"

"எதுலயும் இல்ல. அஞ்சும் தண்ணி" என்றார். பிறகு கட்டை அவரே அவிழ்த்துவிட்டார்.

எனக்கு அப்போது போஜன் நினைவுக்கு வரவில்லை. சின்னராஜும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். போன மாதம் பதினெட்டாம் தேதி எனக்கு வந்த அந்தப் புகை, அந்தக் கண்ணாடியில் விழுந்த ஓட்டை, அது நிஜமா என்றுதான் நினைத்தேன். இத்தனை ஞாயிறுகளும் என் மண்டைக்குள் எரிந்த சருகைத்தானா நான் இவரோடு உட்கார்ந்து ரசித்தேன்?

இதைச் சொன்னபோது அவர், "அது எனக்குத் தெரியாது மேடம். ஆனா ஒரு கேஜ் தப்பாக் காட்டுதுன்னு தெரிஞ்ச பொறவும் அதப் பாத்து என்ஜின ஓட்டக்கூடாது" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஸ்வெட்டர் என்னிடமேதான் இருக்கிறது.

அக்டோபர் 17

மழை. கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்திருப்பதாகச் சொன்னார்கள். போக முடியாது. ஆபீசில் பாலகோபாலுக்கு வேலை அதிகம், பேச நேரமில்லை.

அக்டோபர் 18

ரோட்டைக் காலையிலேயே சரிசெய்துவிட்டார்கள். பாலகோபால் நாள் முழுக்கச் சும்மாதான் இருந்தார்.

நாற்பது கோப்பை. பாலகோபால் நின்ற கோப்பைகளில் நான் நின்றேன்.

அக்டோபர் 19, புதன்

மதியம் பாலகோபால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். ஜூலையிலிருந்து மூக்கு இல்லை. போஜன் லாட்டில் புகை இல்லை, புகை எனக்குள் இருந்தது. தீர்ப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மூக்கு திரும்புகிறவரை டேஸ்டிங் ரூமுக்குள் வரமாட்டேன். திரும்பாவிட்டால் வரவே மாட்டேன்.

அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் மேடம். ஒரு மாசமாவே."

"எப்படி?"

"அந்த ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு டேஸ்டிங் ரூமுக்கு வந்தீங்களே. அப்பவே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆண்பிள்ளை ஸ்வெட்டர் என்று ஆபீஸ் முழுக்க ஒரு மாதமாகப் பேசியிருக்கிறார்கள். குன்னூர் அவ்வளவு சின்ன ஊர். அதற்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"தெரிந்துமா போஜன் லாட்டுக்குச் சரி என்றீர்கள்?"

"உங்க முன்னாடி நின்னு இல்லைன்னு சொல்ல இங்க யாருக்கு மேடம் தைரியம்?" என்றார்.

கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தால் அதை எழுதுவது கஷ்டம். என் எதிரே நின்று ஒருவர் உண்மையைச் சொல்ல முடியாதபடி நான் இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறேன்.

அந்த லாட்டை அவரும் இன்னொருவரும் மறுபடி பார்க்கிறார்கள். எனக்கு நாளைக்கு லீவு. அடுத்த வாரத்திலிருந்து கேட்டலாக் மேஜையில் எழுத்து வேலை.

அக்டோபர் 20, வியாழன்

காலை பஸ்ஸில் போஜன் பாக்டரிக்குப் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, மரியாதைக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். புரிந்தபோது தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அப்ப சின்னராஜ்?" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தே சின்னராஜ் குடியிருக்கிற தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தோம்.

சின்னராஜுக்கு ஐம்பது வயது இருக்கும். கையெல்லாம் பழைய தீத்தழும்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். போஜன் சொல்ல ஆரம்பித்தார், நான் நிறுத்தச் சொல்லி நானே சொன்னேன். தப்பு என்னுடையது, விறகிலும் இல்லை, குழாயிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் தன் தழும்புக் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் ஈர வெறகு போட்டதில்லம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா சுகிர்தா மேடம் சொல்லிருச்சுன்னாங்க. அஞ்சு நாளா யோசிச்சு யோசிச்சு, நேத்து என் சம்சாரத்துக்கிட்ட, போட்டுத்தான் இருப்பேன் போலன்னு நானே சொல்லிட்டேன்" என்றார்.

அவர் மனைவி உள்ளே அடுப்பு மூட்டி டீ வைத்துக் கொடுத்தார். நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லி போஜன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். வீடு முழுக்கப் புகை மண்டியிருந்தது, கண் கரித்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. சருகு எரிவது நின்றுவிட்டது. இருந்த ஒன்றும் போய்விட்டது.

தனியாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். பாதி வழியில் மழை பிடித்தது. குடை இல்லை. பையில் ஸ்வெட்டர் இருந்தது, குளிருக்கு ஆகும் என்று எடுத்துவந்து, போட்டுக்கொள்ள வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். அதை எடுத்துத் தலையோடு முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாப் தகரத்துக்கு ஓடினேன். ஈரக் கம்பளி மூக்கில் ஒட்டியது. ஓடிய ஓட்டத்தில் ஆழமாக மூச்சை இழுத்தேன்.

அந்துருண்டை.

சின்னக் கீற்று இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியில் போடுகிற அந்துருண்டை, மண்டையைத் துளைக்கிற நாற்றம். ஸ்வெட்டரை விலக்கினேன், போய்விட்டது. முகத்தில் வைத்தேன், வந்தது. விலக்கினேன். வைத்தேன். எதிரே நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாலகோபால் ஏன் ஜன்னலைத் திறந்தார் என்று புரிந்தது. டேஸ்டிங் ரூமுக்குப் பவுடர் போட்டு வந்த ஆட்களை நான் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நானே ஒரு முழு மாதம் அந்துருண்டைப் பெட்டியாக நடுவில் நின்றிருக்கிறேன், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரிக்க ஆரம்பித்தேன். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. பஸ் வந்து போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

மச்சாது சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். மணி நான்கு, பனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

"உங்கள் ஸ்வெட்டர் நாறுகிறது" என்றேன்.

அவருக்கு முதலில் முகம் வாடியது. பிறகு நான் சொன்னது என்ன என்று புரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பிலோமினா போட்ட உருண்ட. ஏழு வருசமா அப்படித்தான் கெடக்கு" என்றார். கண் நிறைந்துவிட்டது. நான் கேட் பக்கம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரிடம் கற்றுக்கொண்டதுதான்.

பிறகு பச்சை பாட்டில், முதல் பாட்டில், அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன்.

புகை வந்தது. கிளாஸை மேஜையில் வைத்தேன், போய்விட்டது. எடுத்தேன், வந்தது. அது எனக்குள் இல்லை, கிளாஸுக்குள் இருந்தது. செப்டம்பர் பதினெட்டாம் தேதியும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். எங்கேயோ ஒரு தீவில் யாரோ மூட்டிய அடுப்பு, பல வருஷம் காத்திருந்து, கடல் தாண்டி, மலையேறி, என்னிடம் வந்திருக்கிறது. புகைக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று நகர்கிறது. பேரிக்காய் இல்லை. என்ன என்று தெரியவில்லை, பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். ஞாயிறு அவலாஞ்சிக்குப் போகிறோம், அந்தக் கறுத்த மண்ணைப் பார்க்க.

"அதக் குடுங்க, தொவைச்சு வெயில்ல போட்டுத் தாரேன்" என்றார் புறப்படும்போது.

"ஒன்றும் வேண்டாம்" என்றேன்.

மாலைக் குறிப்பு. கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. தைலம்: இல்லை. அந்துருண்டை: உண்டு.